முதுகில் தைத்த ரவிக்கை

விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், பெரிய கங்காணி மாரிசாமி அன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று சொல்வதற்கு முன்னால் உடுப்பைப் பற்றிச் சொன்னார். சீமையில் புது ராஜாவுக்கு முடிசூட்டு. அடுத்த வியாழக்கிழமை பதுளையில் துரைமார் பேண்டு மைதானத்தைச் சுற்றி அணிவகுத்துப் போகிறது. வாசிக்கிறவர்களுக்குத் தண்ணீர் தூக்க மயில்கல் தோட்டத்திலிருந்து மூன்று பெண்கள் போக வேண்டும். அவர்கள் எப்படி வர வேண்டும் என்று துரைசானி எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளை ரவிக்கை. காதிலும் காலிலும் சத்தம் போடும் நகை கூடாது. வெற்றிலை கூடாது. பெரிய துரைமார் உட்காரும் கொட்டகைக்கும் பேண்டுக்கும் குறுக்கே போகவே கூடாது.

"பாக்குறவங்க கண்ணுல நீங்க படக் கூடாது. தண்ணி மட்டும் வந்து சேரணும். வெளங்குதா?" என்றார் மாரிசாமி.

"அப்ப கொடத்த மட்டும் நடந்து வரச் சொல்லுங்க கங்காணியாரே," என்றாள் ராமலட்சுமி.

பெரட்டே சிரித்தது. மாரிசாமி சிரிக்கவில்லை. போக வேண்டிய மூன்று பெயர்களில் முதல் பெயர் அவளுடையது.

ராமலட்சுமிக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒன்பது வயதில் அப்பனோடு மதுரைச் சீமையிலிருந்து நடந்தே மலைக்கு வந்தவள். மலையில் கோப்பிச் செடி செத்துத் தேயிலை வந்ததைப் பார்த்தவள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கடைசி அறையில் தனியாக இருந்தாள். தலையில் தண்ணீர்க் குடம், இடுப்பில் இன்னொன்று, ஏற்றத்தில் கை பிடிக்காமல் நடப்பாள். ஒரு சொட்டுச் சிந்தாது. அவளைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான்.

ரவிக்கை அவள் போட்டதில்லை. இளம்பெண்கள் எல்லாரும் போட ஆரம்பித்துப் பல வருஷமாகியிருந்தது. அவள் தாய் உடுத்திய மாதிரியே, மாராப்பை இழுத்து இடுப்பில் செருகி, தோளும் கையும் வெளியே இருக்க, மழையானால் மேலே ஒரு கம்பளியைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பச்சை குத்தியிருந்தது. அவளை யாரும் அதற்காக உற்றுப் பார்த்ததில்லை. அவளும் தன் தோளைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. உடம்பைப் பற்றி நினைக்காமல் இருக்க முடிவது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது, அது கையில் இருக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

"எனக்கு ரவுக்க வேணாம். வேற ஆள அனுப்புங்க," என்று அன்று சாயந்தரம் மாரிசாமியிடம் போய்ச் சொன்னாள்.

"ஒனக்கு வேணுமா வேணாமான்னு யாரு கேட்டா? துரைசானிக்கு வேணும்."

வியாழக்கிழமை இருட்டோடு புறப்பட்டு, ஒன்பது கட்டை, அதாவது ஒன்பது மைல் தூரம், வண்டியில் மலையிறங்கி, பதுளைக் கடைவீதிக்கு வந்தார்கள். ராமலட்சுமி, அவளுக்குச் சமவயதான காத்தாயி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஜெயலெட்சுமி. ஜுனைதீன் தையல்காரரின் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு அறையில் ரவிக்கைகள் தயாராக இருந்தன. துரைசானி கொடுத்த மாதிரிப்படி, முன்பக்கம் மூடி, முதுகுப் பக்கம் திறந்து தைத்தவை. கொழும்பிலிருந்து வர வேண்டிய பொத்தான்கள் வரவில்லை.

"பொத்தான் இல்லாம என்னாங்க செய்றது?" என்றாள் ஜெயலெட்சுமி.

"போட்டுக்கிட்டுத் திரும்புங்க. முதுகுலயே தச்சு உட்டுர்றேன்," என்றாள் ஜுனைதீனின் மனைவி ஸைனப். வாயில் நூலைக் கடித்துக்கொண்டே பேசினாள். "மூச்ச இழுத்துப் புடிங்க தங்கச்சி. ஊசி பட்டா என்னய ஏசப்படாது."

கழுத்திலிருந்து இடுப்பு வரை நெருக்கமாகத் தைத்தாள். ராமலட்சுமியின் முறை வந்தபோது பச்சை குத்திய கைகளைப் பார்த்து, "எவ்வளவு வடிவா இருக்கு. இத மூடவா சொன்னாங்க?" என்றாள். ராமலட்சுமி முதுகைத் திருப்பினாள். அதற்கு முன்தான் காதிலிருந்த பாம்படத்தைக் கழற்றி மடியில் முடிந்திருந்தாள். வெறும் காதுச் சதை இரண்டும் தோளில் வந்து இடித்தன. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பொறவு எப்படிங்க கழட்டுறது?" என்று கேட்டாள் ராமலட்சுமி.

"இங்க வாங்க. நானே பிரிச்சு உடுறேன்."

மைதானத்தில் மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசியது. பேண்டு நான்கு முறை சுற்றியது. பெரிய மேளத்தை அடிக்கிறவனுக்குச் சிவப்புச் சட்டை, வெள்ளைக் கையுறை. அந்த மேளத்தை முதுகில் சுமந்து அவனுக்கு முன்னால் குனிந்து நடந்த கூலியாளுக்குக் கறுப்புக் கம்பளி, அந்த வெயிலில். அடி ஒவ்வொன்றும் அந்த ஆளின் முதுகெலும்பில் போய் விழுவதைப் பக்கவாட்டில் நடந்த ராமலட்சுமி பார்த்தாள். பேண்டு நின்ற இடங்களில் தண்ணீர் ஊற்றினாள். குடித்தவர்கள் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் முகம் இருந்த பக்கம் ஒருவனும் பார்க்கவில்லை. கங்காணி சொன்னது பலித்துவிட்டது. வேர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டி, தையல் ஓடிய கோடு முழுவதும் அரித்தது.

எல்லாம் முடிந்து, வண்டிகள் நின்ற மரத்தடிக்கு வந்தபோது அங்கே ஜுனைதீன் கத்தரிக்கோலோடு நின்றார். பக்கத்தில் மாரிசாமி.

"ரவுக்க மூணும் திரும்பிப் போகணும். அடுத்த பேண்டுக்கு வேணுமாம். சுருக்கா திரும்பி நில்லுங்க, ஜுனைதீன் நானா நூல வெட்டிருவாரு. வண்டி காத்துக்கிட்டு நிக்குது."

சுற்றிலும் ஆட்கள். வண்டிக்காரர்கள், சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த பேண்டுக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்து கலையாமல் நின்ற பாதி பதுளை. நாள் முழுவதும் யார் கண்ணிலும் படாமல் இருந்த மூன்று பெண்கள் இப்போது எல்லார் கண்ணிலும் பட்டார்கள்.

"கங்காணி, ஊட்டுக்கு வரச் சொல்லுங்க. பொம்பளயாள் பிரிச்சு உடுவா. இது சரியில்ல," என்றார் ஜுனைதீன் மெதுவாக.

"கடவீதி வரைக்கும் போய் வர நேரம் இல்ல. வெட்டுங்க."

ஜுனைதீன் கத்தரிக்கோலைத் திறந்தார். துரைமார் வீட்டுத் தையலெல்லாம் அவரிடம்தான் வருகிறது. அவர் நல்ல மனிதர்தான். அவருடைய நல்லதனம் ஒரு வாக்கியம் வரைக்கும் தாங்கியது.

ஜெயலெட்சுமி அழுதுகொண்டே திரும்பி நின்றாள். கத்தரிக்கோல் கழுத்திலிருந்து இறங்கியது. முதுகு திறந்தது. முந்தானையை வாரிச் சுற்றிக்கொண்டு, அதற்குள்ளேயே ரவிக்கையை உருவிக் கொடுத்துவிட்டு வண்டிக்கு ஓடினாள். யாரோ சீட்டி அடித்தான். காத்தாயி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவளுடையதும் முடிந்தது.

"நீ திரும்பு," என்றார் மாரிசாமி ராமலட்சுமியிடம்.

"திரும்ப மாட்டேன்."

"ஏய், நேத்து வரைக்கும் ரவுக்க இல்லாமத்தான மலையெல்லாம் திரிஞ்ச? இன்னைக்கு என்னா புதுசா வெக்கம்?"

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அவளைப் பார்த்து.

"நேத்து நான் உடுத்துனது நானே இஷ்டப்பட்டு உடுத்துனது," என்றாள் ராமலட்சுமி. "வேணாம்னேன். ஊசி வச்சு ஒடம்போட தச்சு உட்டீங்க. இப்ப ஊரு பாக்கக் கிழிக்கச் சொல்றீங்க. போடச் சொல்லவும் நீங்க, அவுக்கச் சொல்லவும் நீங்க. நடுவுல இருக்குறது யாரு ஒடம்பு?"

"நானா, வெட்டுங்க!"

ஜுனைதீன் ஓர் அடி எடுத்து வைத்தார். ராமலட்சுமி குடத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். "கிட்ட வந்தீங்க, மண்ட ஒடைஞ்சிரும் நானா. ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லன்னு நெனச்சிராதீங்க."

அவர் நின்றுவிட்டார். அவள் குடத்தை மாரிசாமியின் காலடியில் வைத்துவிட்டு, வண்டியில் ஏறாமல், ஒன்பது கட்டையும் ஏறி நடந்தாள்.

மறுநாள் பெரட்டில் மாரிசாமி அவளைக் கூப்பிடவில்லை. "ரவுக்க வராம பேரு இல்ல," என்றார். அடுத்த நாளும் அப்படியே. அவள் பெரட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. அதே ரவிக்கையோடு வந்து வரிசையில் நின்று, அன்றைய கூலிக்குப் பேர் விழாமல் திரும்பினாள். லயத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்தது. ஒரு இழுப்பில் வெட்டிப் போட்டிருக்கலாம். ஸைனப் பிரிக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். ஸைனப்தான் பிரிக்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். சனிக்கிழமை இரவு காத்தாயி கொஞ்சம் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நாங்க ரெண்டு பேரும் முதுகக் காட்டிட்டு வந்தோம். ஒனக்கு மட்டுந்தான் மானம் மருவாதி எல்லாம் இருக்கோ?"

"நீயும் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். எனக்கு ரெண்டு புள்ள இருக்கு." காத்தாயி சட்டியைக் காலால் உள்ளே தள்ளினாள். "தின்னு."

அந்தச் சோறு இறங்கவில்லை. காத்தாயி சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் காரணம். தனியாள் என்பதால் தனக்கு வாய்த்த துணிச்சலைத் தன் பெருமை என்று எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு இறங்கினாள். ஸைனப் கதவைச் சாத்தி, தையலை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். முதுகில் நூல் அறுத்த புண்ணைப் பார்த்துத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"அவரு அன்னைக்கு வந்ததுல இருந்து சரியாச் சாப்புடுறதில்ல," என்றாள்.

"நானும் சாப்புடல," என்றாள் ராமலட்சுமி.

ரவிக்கையை அங்கேயே துவைத்து, காய்ந்ததும் மடித்துக் கடையில் வைத்தாள். "துரைசானிகிட்டக் குடுத்துருங்க நானா." ஜுனைதீன் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை பெரட்டுக்குப் பழையபடி வந்தாள். காதில் பாம்படம், தோள் வெளியே, கையில் பச்சை. பேர் விழுந்தது. கூடையை எடுக்கக் குனிந்தவளைப் பார்த்து மாரிசாமி சிரித்தார். "இப்பப் பாரு, பழைய ராமலட்சுமி."

அவர் பார்வை தோளில் இருந்தது. முப்பது வருஷமாக அவர் பார்த்த அதே தோள். அவளுடைய கை, அவளைக் கேட்காமலே, முந்தானையை இழுத்து அதை மூடியது. மூடியபின்தான் அவளுக்கே தெரிந்தது. முகம் கொதித்தது. அந்த மரத்தடியில் கூட இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

கையைக் கீழே இறக்கினாள். கூடையைத் தலையில் மாட்டி மலையேறினாள். பாதி ஏற்றத்தில், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே, கை மறுபடியும் தோளுக்குப் போனது.