மண்டபத்துக்கு சிலாப் போட்ட மணி பாஸ்

மணி பாஸைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் நம் தேயிலைத் தோட்டத்தில் பலர் இருக்கிறார்கள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறப்பவள் அல்ல. நம் வாட்ஸ்அப் குழுவிலும் இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செய்தி வந்தபோது பதுளையில் வேலையில் இருந்தேன். "மணி பாஸ் போயிட்டாரும்மா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போய்ச் சேரல" என்றார் அப்பா. மலை சரியும் என்று எச்சரிக்கை வந்தால் லய வீடுகளிலிருந்து ஓடிப்போய் இருக்க நாம் கட்டும் மண்டபத்துக்கு, முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் அவர் கொங்கிரீட் கூரை சிலாப் போட்டிருந்தார்.

வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: தெமோதரைப் பக்கம் புதிதாக எழும்பிய வீடுகளில் பல, மேசன் பாஸான அவர் கட்டியவை. வேகமாகக் கட்டுவார், சத்தமாகச் சிரிப்பார்.

கட்டுமானப் பொருட்களைச் சோதிக்கும் கூடத்தில் நான் சேர்ந்த புதிதில் அவர் தூண் ஒன்றின் கலவை சோதனைக்கு வந்தது. பெட்டி வடிவில் வார்த்த அந்தக் கொங்கிரீட் கட்டியை இயந்திரத்தில் வைத்து நசுக்கினேன். தாங்க வேண்டியதில் பாதியைக்கூடத் தாங்கவில்லை. சீமெந்தில் குறையில்லை. இலகுவாக இறங்கட்டும் என்று கலவையில் தண்ணீரை அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள்.

"ஒங்கப்பா கேரம்ல என்னைய தோக்கடிச்சது பத்தாதா? நீயுமா புள்ள?" என்றார், முடிவைக் கேட்க வந்த பாஸ். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, தூணை உடைக்க வேண்டும் என்றேன்.

மறுநாள் அவரே சம்மட்டியை எடுத்தார். வேடிக்கை பார்த்தவர்களிடம், "நம்ம தூணு பெயிலாம்ப்பா. மிஸ் சொல்லிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி உடைத்தார். அன்று அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

அதன்பின் கட்டிகளை வேறு யாரிடமும் கொடுத்தனுப்பமாட்டார். ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். ஒருநாள் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன்.

"மடியில என்னாங்க பாஸ்?" என்றார் கண்டக்டர்.

"பரீட்சைக்குப் போறாரு. அரை டிக்கெட் போடுங்க."

"இந்தக் கனத்துக்கு ரெண்டு டிக்கெட் போடணும்!"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

மண்டபத்துக்கு சிலாப் போட்ட அன்று, கலவை இறுகுகிறது என்று யாரோ வாளியைத் தூக்கினார்கள். "வாளிய வையிடா! நாளையிலேருந்து மேல ஊத்து, எவ்வளவு வேணுமோ ஊத்து. இப்ப ஒரு சொட்டு விட்டா மிஸ் என்னையவே நசுக்கிருவாங்க" என்று கத்தினார். நான் கேட்ட அவரது கடைசிக் கேலி அதுதான்.

துக்க வீட்டில் நம் தோட்டத்துத் தம்பிமார் பேசிக்கொண்டிருந்தார்கள். "கருமாதிய அவரு கட்டுன மண்டபத்துலயே செய்வோம். சிலாப்புக்குக் கீழ இருக்குற முட்டுக் கம்ப எல்லாம் எடுத்துட்டா அத்தன பேரும் உக்காரலாம்."

"நான் மேல ஏறி நடந்து பாத்தேன். கல்லு மாதிரி இருக்கு."

பாஸின் மனைவி அழுதுகொண்டே தலையாட்டினார். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மிதித்துப் பார்த்தால் கல் போலத்தான் இருக்கும். ஆனால் கொங்கிரீட் காய்வதால் பலம் பெறுவதில்லை. ஈரமாகவே இருந்துதான் மெதுவாகப் பெறுகிறது. நம் மலைக் குளிரில் இன்னும் மெதுவாக. அதுவரை கூரையின் பாரம் கீழே உள்ள கம்புகள் மேல்தான் இருக்கிறது. கருமாதிக்குள் அது தன்னைத் தானே தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. சிலாப் போட்ட அன்று அதே கலவையில் வார்த்த கட்டிகள் எங்கள் கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கின்றன. அவர் ஆணியால் கீறிய தேதி தண்ணீருக்குள் தெளிவாகத் தெரிகிறது.

போய் வாருங்கள் பாஸ். இந்த முறை முடிவைக் கேட்க நீங்கள் வரமாட்டீர்கள் என்பது இன்னும் மனதுக்குப் பிடிபடவில்லை.

உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். கருமாதியைக் கோயில் வாசலில் தகரக் கொட்டகை போட்டுச் செய்வோம். சிலாப்புக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள். அந்தக் கட்டிகளைச் சோதித்து நானே வந்து சொல்லும் வரை, தயவுசெய்து ஒரு கம்பைக்கூட எடுக்காதீர்கள்.