சத்தமில்லாத ஆறரை

என் கிரைண்டர் சத்தம் போடும். அதுதான் அது செய்த ஒரே தப்பு.

ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் இருப்பது நாலு போர்ஷன் உள்ள பழைய வீடு. வீட்டுக்கார மாமி மாடியில். அவருக்குத் தனி மீட்டர். கீழே எங்கள் நாலு பேருக்கும் ஒரே லைன், மாடிப்படிக்கு அடியில், கரண்ட் கூடினால் தானே விழுந்துவிடும் ஒரே ட்ரிப்பர். நான் காலை ஐந்து மணிக்கு இட்லி மாவு அரைப்பேன். அப்போது அரைத்தால்தான் மார்கழிக் குளிரிலும் மாவு சாயங்காலத்துக்குள் பொங்கும். நாலு மணிக்கெல்லாம் தெருவில் பாதிப் பேர் மாவு வாங்கத் தூக்கோடு வந்து நிற்பார்கள்.

அந்த மார்கழியில் தினமும் கிரைண்டரைப் போட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்ட் போனது. எதிர் போர்ஷன் ஆட்டோக்காரர் பாத்ரூமிலிருந்து கத்துவார்.

"இன்னா ஆயா, மறுபடியும் கிரைண்டரா? மூஞ்சி முழுக்க சோப்பு போட்டுக்கினு நிக்கிறேன்!"

நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. இருட்டில் போய் ட்ரிப்பரைத் தூக்கிவிட்டு, யாரும் பார்க்கும் முன்னே உள்ளே வந்துவிடுவேன்.

ஒரு நாள் மாமி இறங்கி வந்தார். "எல்லாரும் வந்து புகார் சொல்றா. நாளன்னிக்கிலேர்ந்து கார்த்தால அரைக்காதேங்கோ. பத்து மணிக்கு மேல அரைச்சுக்கலாமே?"

பத்து மணிக்கு அரைத்தால் நாலு மணிக்குப் பச்சை மாவைத்தான் தூக்கில் ஊற்ற வேண்டும். ஒருத்தரும் மறுநாள் வர மாட்டார்கள். இதை மாமியிடம் சொல்ல வாய் திறந்தேன். "சரி மாமி" என்றுதான் வந்தது.

அன்றைக்கு மாடியில் ஃபேன் பார்க்க எலக்ட்ரீஷியன் பாய் வந்திருந்தார். அவர் இறங்கும் வரை காபி டம்ளரோடு படியடியில் நின்றேன். காபி ஆறிவிட்டது. இருந்தாலும் குடித்தார். "சொல்லு ஆயா, இன்னா விஷயம்?" என்றார். கிரைண்டரைக் காட்டினேன்.

பிளக் பெட்டியைக் கழற்றி வோல்ட் பார்த்தார். கிரைண்டரை ஓடவிட்டு, நண்டுக் கொடுக்கு மாதிரி இருந்த மீட்டரால் ஒரு ஒயரை மட்டும் கவ்வினார். "இருநூத்தி முப்பது வோல்ட் வருது. உன் கிரைண்டர் முக்கால் ஆம்பியர்கூட இழுக்கல. இது எப்படி ட்ரிப் அடிக்கும்?" பிறகு என் பாத்ரூமை எட்டிப் பார்த்தார். பக்கெட்டில் ஹீட்டர் ராடு தொங்கியது. அதையும் தண்ணீரில் விட்டு அளந்தார். ஆறரை ஆம்பியர்.

"சத்தமே போடலையே பாய்?"

"சத்தத்துக்கும் கரண்டுக்கும் இன்னா சம்பந்தம்? வோல்ட்டை ஆம்பியரால பெருக்கு, எவ்ளோ வாட்ஸ் தின்னுதுன்னு தெரியும். ராடுக்கு வகுத்தும் பாரு, தடை வரும். தடை கம்மின்னா கரண்ட் ஜாஸ்தி ஓடும். மோட்டாருக்கு மட்டும் வகுக்காத, சரியா வராது. பெருக்கினாலும் நெஜத்தவிட கொஞ்சம் கூடத்தான் காட்டும்." வேறு வீட்டிலிருந்து போன் வர, கிளம்பிவிட்டார்.

நான் அஞ்சாங்கிளாஸ். ஆனால் மாவு அளந்து விற்கிற எங்களுக்கு அரை, கால், முக்கால் எல்லாம் மனக்கணக்கு. காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டேன். இருநூற்று முப்பதை ஆறால் பெருக்க ஆயிரத்து முந்நூற்றெண்பது. பாதி நூற்றுப் பதினைந்து. ஆக ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்து. ராடு தின்பது அவ்வளவு வாட்ஸ்! முக்கால் என்றே வைத்துப் பெருக்கினாலும் கிரைண்டருக்கு நூற்று எழுபத்திரண்டரைதான். ராடின் தடையை வகுத்தேன்: முப்பத்தைந்து ஓம், மேலே ஏதோ கொசுறு.

எங்கள் நாலு வீட்டு ராடும் ஒரே கடை, ஒரே சைஸ். ஐந்து மணிக்குக் கோயில் ஸ்பீக்கர் பாடியதும் நாலு பக்கெட்டிலும் ராடு இறங்கும். நாலு ஆறரை இருபத்தாறு. ட்ரிப்பரில் போட்டிருப்பதோ பதினாறு. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அது விழுகிறது. அதற்குள் நான் கிரைண்டரைப் போட்டிருப்பேன். எல்லார் காதிலும் விழுவது அது ஒன்றுதான்.

தாளை மாமியிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "கணக்கு நன்னாத்தான் இருக்கு. ஆனா கிரைண்டர் போட்டாத்தானே போறது?" என்றார்.

"நாளைக்குப் போடலை மாமி. வந்து பாருங்க." என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

மறுநாள் ஐந்து மணிக்கு மாமி மஃப்ளர் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு என் வாசலில் நின்றார். நான் என் ராடைப் போட்டேன். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். பாத்ரூம்களில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. டக்!

இருட்டில் எதிர் போர்ஷன் குரல் வந்தது. "ஆயா! நிறுத்து அந்த கிரைண்டரை!"

மாமி டார்ச்சை என் கையில் தொங்கிய பிளக்கின் மேல் அடித்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "கிரைண்டர் வாயே தொறக்கலைடாப்பா! நீ போட்ட ராடைக் கேளு!"

அன்றே தீர்ப்பு ஆனது. ஒரே நேரத்தில் இரண்டு ராடுதான். இரண்டு ஆறரை பதின்மூன்று, கிரைண்டர் முக்கால்; பதினாறுக்குள் அடக்கம். முறையைக் கவனிக்க வேண்டியவள் நான். ஐந்து மணிக்குள் எல்லாருக்கும் முன்னே எழுந்திருப்பவள் நான்தானே.

இப்போது கிரைண்டர் ஓடும்போதே எதிரிலிருந்து கேள்வி வரும்.

"ஆயா, எத்தினி ராடு ஓடிக்கினு கீது?"

"ரெண்டு! நீ மூணாவது! சோப்பு போட்டுக்காத!"

கிரைண்டர் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே, கத்தித்தான் சொல்கிறேன். என் பக்கெட் நாலாவது. என் முறை வருவதற்குள் உளுந்து அரைபட்டுவிடும்.