நாற்பத்திரண்டுக்கு ஆட்டம் முடிந்த சாயங்காலம்

எழுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதத்துத் திங்கட்கிழமை. கஞ்சிக்கோட்டில் கோயமுத்தூர் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டுக்குப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முன்னால் வந்த இரண்டு இடமும் கைநழுவிப் போயிருந்தன. எனக்கு இருபத்தாறு வயது. இதுவும் தட்டிப்போனால் இனி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அம்மா வாய்விட்டே சொல்லிவிட்டாள். எனக்கும் இந்த இடம் பிடித்திருந்தது. போட்டோவைப் பார்த்துவிட்டுப் பிடிக்காதவள் மாதிரி நடித்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கென்று பார்த்தால் இங்கிலாந்தில் நம் ஆட்கள் கிரிக்கெட் ஆட வேண்டும்! மூன்று வருஷத்துக்கு முன் அதே நாட்டில் ஜெயித்துவிட்டு வந்தவர்கள். இந்த முறை முதல் இன்னிங்ஸில் ரன் போதாமல் ஃபாலோ ஆன் வாங்கி, உடனே மறுபடியும் ஆட வந்து, எப்படியாவது நின்று ஆடி மானத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை.

தெருவில் ரேடியோ எங்கள் வீட்டில்தான். அப்பா அரிசி மில்லில் ஃபிட்டர். அவருக்கும் மில்காரர்களுக்கும் கிரிக்கெட் என்றால் உயிர், இங்கிலீஷ்தான் வராது. அதனால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுத் தமிழில் சொல்வேன், அவர்கள் வாசலில் கேட்பார்கள். அன்றைக்கும் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக அதே ஜன்னலில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கென்று டீக்கடையிலிருந்து கொண்டுவந்து போட்ட பெஞ்சுகளில் மில்காரர்கள் இருந்தார்கள்.

"ஏனம்மிணி, என்னங்கறான்?"

"இன்னொருத்தரும் போயிட்டாருங்கப்பா."

அம்மா கேசரிக் கரண்டியோடு ஓடிவந்தாள். "நல்ல காரியத்துக்கு ஆளுக வர்ற நேரத்துல போயிட்டாரு, போச்சுன்னு என்னடி பேச்சு? வாயக் கழுவு!"

வேறெப்படிச் சொல்வதாம்? பாவிகள், வரிசையாக அவுட்டாகிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் நாற்பத்திரண்டு. மொத்தப் பேரும் சேர்ந்து நாற்பத்திரண்டு ரன்! சொல்லும்போதே எனக்கு அழுகை வந்து கண் மை கலைந்துவிட்டது.

அப்பா வந்து ரேடியோவை நிறுத்தினார். தூறல் விழுந்தது. மில்காரர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வாசலுக்குப் போய் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரம் தெருமுனையில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. கதவைத் திறந்து ஒரு பெரியவர் காலை வெளியே வைத்தார். எங்கள் வாசலைப் பார்த்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கார் திரும்பிப் போய்விட்டது. வழி தப்பி வந்த வண்டி என்று நினைத்தோம். விளக்கு வைத்த பிறகும் கேசரியை மூடிவைத்துக் காத்திருந்தோம்.

மறுநாள் தரகர் வந்து குதித்தார். "ஏனுங்க, எழவு ஊடுன்னா ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதுங்களா? பெஞ்சப் போட்டு, தலையில துண்டப் போட்டு அத்தன பேரு உக்காந்திருந்தாங்களாமா! நல்ல காரியத்துக்குப் பொறப்பட்டவங்க அதுல வந்து கால் வெப்பாங்களா?"

"யாருஞ் சாவலீங்க," என்றார் அப்பா. "கிரிக்கெட்டுல தோத்துட்டமுங்க."

தரகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கக்கூட இல்லை. பொள்ளாச்சிக்குப் போய் நடந்ததைச் சொல்லியும் பார்த்தார். சகுனம் தட்டினது தட்டினதுதான், அந்த வாசலை மிதிக்கமாட்டோம் என்றுவிட்டார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! சகுனம் பார்த்தவர்களைத் திட்டுவதா, யாரும் சாகாமலே துக்கம் காத்தவர்களைத் திட்டுவதா? வெளியே போகிற பந்துக்கெல்லாம் மட்டையை நீட்டிய மகராசன்களையும் சேர்த்துத்தான் திட்டினேன். திட்டி என்ன, பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அடுத்த வாரமே அடுத்த ஆட்டம். அப்பா ரேடியோவைத் தொடவில்லை, நான்தான் போட்டேன். மில்காரர்கள் வரவில்லை. அப்பா மட்டும் பெஞ்சில்லாத வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னங்கறான் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் நானாகவே, "இதுலயும் தோத்துட்டாங்கப்பா," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாலையைப் பார்த்தபடி நின்றார்.

நம் ஆட்களுக்கு அதற்கப்புறமும் எத்தனையோ ஆட்டம் இருந்தது. என்னைப் பார்க்க அந்த வாசலுக்கு யாரும் வரவில்லை.