ஒரு படி சாமை

அம்மாக்கண்ணுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புதூர்நாட்டுப் பக்கம் கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஒன்பது வருஷமாக அந்தக் கோபத்துக்குத் தீனி போட்டவர்களே அவர்கள்தான். சித்திரையில் ஊர்ப் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு படி சாமை வாங்குவார்கள். அவள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். சந்தனக்கட்டை திருடிய சடையன் வீட்டுத் தானியம் காளியம்மனுக்கு ஆகாதாம்.

சடையன் அவள் புருஷன். எழுபத்து நாலில் அவனுடைய தாள்போருக்குள்ளிருந்து பாரஸ்ட்காரர்கள் கட்டைகளை உருவினார்கள். தான் வைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டான். பங்காளி வேடியப்பனோ, சடையன் சுமந்து வந்ததைக் கண்ணால் பார்த்ததாக, அம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். ஊர் நம்பியது. சடையன் இரண்டு வருஷம் ஜெயிலில் கிடந்து, இருமலோடு திரும்பி, அடுத்த தையில் போய்ச் சேர்ந்தான்.

எண்பத்து மூன்று பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புளிக்கூடையோடு ஜெபக் கொட்டகையைத் தாண்டும்போது புருஷன் பெயர் காதில் விழுந்தது. உள்ளே வேடியப்பன் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான். போன மாதம்தான் ஓடையில் ஞானஸ்நானம் வாங்கியிருந்தான். கட்டையை வெட்டியதும் தான்தான், மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சடையனின் தாள்போரில் செருகியதும் தான்தான் என்று அழுதான். "இயேசப்பா என்னை மன்னிச்சுட்டாரு. நான் மறுபடியும் பொறந்துட்டேன்" என்றான். சுற்றியிருந்தவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

கூடை வாசலில் விழுந்தது.

"டேய் வேடியப்பா! யார்றா உன்ன மன்னிச்சது? ஜெயில்ல கம்பி எண்ணுனது யாரு, உன் இயேசப்பாவா? ரத்தமா இருமிச் செத்தது யாரு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

சமாதானம் சொல்ல வந்த உபதேசியாரையும் அவள் விடவில்லை. "நீங்க சும்மா இருங்க ஐயா. பொய்யக் கோயில்ல வந்து சொன்னான் இல்ல? நெஜத்தையும் அங்கயே வந்து சொல்லச் சொல்லுங்க."

விக்கிரகத்தின் முன் சத்தியம் செய்வது இரட்சிக்கப்பட்டவனுக்குத் தகாது என்றார் உபதேசியார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்லத் தகுந்த இடம் நிஜம் சொல்லத் தகாமல் போய்விட்டதா? செய்த பாவத்தை அழுக்குத் துணி மாதிரி அவிழ்த்து அவள் வாசலில் போட்டுவிட்டு, இவன் மட்டும் பிறந்த குழந்தையாகிவிடுவானா? இது என்ன பிறப்பு!

வேடியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வர்றேன் அண்ணி" என்றான்.

மறுநாள் காலை, பொங்கலுக்கு வாங்கிய சாமை குவிந்திருந்த கோயில் முன்னால் ஊர் கூடியது. வேடியப்பன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். ஊர்க்கவுண்டர் அர்ச்சுனன் தட்டில் கற்பூரம் கொளுத்தி நீட்டினார்.

"அணைச்சு சத்தியம் பண்ணு."

"அது மட்டும் என்னால ஆவாதுங்க. நான் சொன்னது நெஜம்."

"சத்தியம் பண்ணாத பேச்சு செல்லாது. சாமை வாங்க முடியாது." கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அம்மாக்கண்ணுவுக்கு வேடியப்பன் மேல் இருந்த ஆத்திரம் அத்தனையும் ஊர் மேல் திரும்பியது.

"இன்னா நாயம்ங்க இது? அன்னிக்குக் கற்பூரத்த அணைச்சுப் பொய் சொன்னான், வாயப் பொளந்துகிட்டு நம்புனீங்க. இன்னிக்கு, ஜெயில்ல போட்டாலும் போடட்டும்னு தானா வந்து நெஜத்தச் சொல்றான், நம்ப மாட்டீங்களா? உங்களுக்கு நெஜம் வேணுமா, கற்பூரம் வேணுமா?"

கற்பூரம் எரிந்து தானாக அணைந்தது. கவுண்டர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சடையன் வூட்டுச் சாமைய எடுத்தாரச் சொல்லுங்க" என்றார்.

அவளே போய்க் குவித்து அளந்து கொண்டுவந்தாள். ஊர்ச் சாமையோடு கொட்டினாள். திரும்பினால், வேடியப்பன் காலில் விழுந்தான்.

"நீங்களும் மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி."

"மாட்டேன். ஜெயிலுக்குப் போனது நானில்ல. அவரப் பொதச்ச எடம் தெரியும்ல? அங்க போய்க் கேளு. அவரு மன்னிச்சுட்டாருன்னா எங்கிட்ட வந்து சொல்லு."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஜெபம் முடிந்ததும் வேடியப்பன் சடையனைப் புதைத்த மேட்டில் போய் உட்கார்ந்திருப்பான். திரும்பும் வழி அம்மாக்கண்ணு வீட்டைத் தாண்டித்தான். மூன்று வருஷம் ஆகிறது. அவன் இன்னும் அவள் வாசல் ஏறவில்லை.