இடது கையில் கட்டிய காப்பு

முதலில் கால்தான் வீங்கியது. களை பறித்த அலுப்பு என்று விட்டுவிட்டேன். முகமும் வீங்கிய பிறகுதான் கீழப்பழுவூரிலிருந்து பஸ் ஏறி அரியலூருக்குப் போனோம். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டர்.

வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது). அதற்காக இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா (இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம்) வைத்தார்கள். தொட்டால் அங்கே அதிரும். புடைத்த கையைப் பிறர் பார்ப்பது எனக்குக் கூச்சம். முந்தானையால் மூடிக்கொள்வேன்.

அந்தக் கையில் இறுக்கமாக எதுவும் போடக்கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வளையலைக் கழற்றிவிட்டேன். ஆனால் பங்குனியில் மாரியம்மனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியபோது அது நினைவுக்கு வரவில்லை. பெண்களுக்கு இடது கையில்தான் கட்டுவார்கள். நீட்டினேன்.

மறுநாள் வார்டில் மல்லிகா சிஸ்டர் ஊசியை எடுக்கும் முன்பே கேட்டார்.

“ஏங்க்கா, உங்க ஊருல காப்பு கட்டியாச்சா?”

தலையாட்டினேன்.

“கையக் காட்டுங்க.”

மஞ்சள் கயிறு சதையில் பதிந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தவரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “அதிர்வு ரொம்பக் கம்மியா இருக்குக்கா. அடைச்சுக்கிட்டா மறுபடி ஆபரேஷன். அதுவரைக்கும் கழுத்துல குழாய்.”

“திருவிழா முடியாம அவுத்தா சாமி குத்தம் சிஸ்டர்.” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“வலது கைக்கு மாத்திக் கட்டுறேன். சாமி கேட்டா, டயாலிசிஸ் வார்டு மல்லிகாதான் மாத்துனான்னு போட்டுக் குடுத்துடுங்க.”

“அதுக்கு இவ வாயத் தொறக்கணுமே!” என்றார் வாசலில் நின்ற என் வீட்டுக்காரர்.

சிஸ்டர் நகத்தாலேயே முடிச்சை அவிழ்த்து வலது கையில் தளர்வாகக் கட்டினார். டாக்டர் வந்து ஸ்கேன் வைத்துப் பார்த்தார். ரத்தம் இன்னும் உறையவில்லை. எல்லோரும் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல மெல்ல அதிர்வு திரும்பியது.

“பாக்காமலே எப்படிக் கேட்டீங்க சிஸ்டர்?”

“முன்ன ஒருத்தவங்களுக்கு இப்படித்தான் அடைச்சே போயிடுச்சுக்கா. அன்னைக்கு எனக்கும் தெரியல. அதுலேருந்து பங்குனி, ஆடி பொறந்தா பொம்பளைங்க கையத்தான் மொதல்ல பாப்பேன்.”

உங்களுக்கும் இப்படி ஒரு கை இருந்தால் கூச்சப்பட்டு மூடாதீர்கள். நர்ஸ் கேட்கும் ஊர்க்கதைக்கும் பதில் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் விழித்ததும் மணி பார்ப்பதில்லை. மணிக்கட்டைக் காதோடு சேர்த்து வைக்கிறேன். உள்ளே ரத்தம் இரைந்து ஓடுவது கேட்ட பிறகே எனக்குப் பொழுது விடிகிறது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் கையில் ஓட்டம் நின்றுபோனதால் ஓடுகிற கை இது. சில காலைகளில் இது எனக்கு மட்டுமே சொந்தம் என்று தோன்றுவதில்லை.