கடலிலிருந்து தெரிந்த மரம்

மழை கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் சுள்ளென்று வெயில்...

சவுக்குத் தோப்பில் காற்றடித்தால் அப்படித்தான். தொண்ணூறுகளில் திருவான்மியூரைத் தாண்டிக் கடலோரம் இருந்த தோப்பு. இன்றைக்கு அதைத் தேடினால் வெறும் பில்டிங்தான் கிடைக்கும்.

அடையாறில் ஒரு சின்னச் சுற்றுச்சூழல் அமைப்பில் எனக்கு முதல் வேலை. தங்கியது மயிலாப்பூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். சென்னையில் ஒருவரையும் தெரியாது. வார நாள் எப்படியோ ஓடிவிடும்... ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்லும். ரங்கநாதன் தெருவுக்குப் போய், ஒன்றும் வாங்காமல், கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வருவேன். யாராவது மேலே இடித்தால், பரவாயில்லை, நாமும் இருக்கிறோம் என்று தோன்றும். சிரிக்காதீர்கள்.

அந்த வருஷம் தோப்பு முற்றியிருந்தது. சாரம் கட்டவும் பந்தல் போடவும் ஊரெல்லாம் சவுக்குக் கழி கேட்டது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெட்டிவிடலாம் என்றார் காண்ட்ராக்டர். வெட்டினால் மணல் வீட்டுக்குள் வரும், அடுப்பெரிக்கச் சுள்ளியும் கிடைக்காது என்றது பக்கத்து மீனவர் குப்பம். இரண்டு பேருக்கும் நடுவில் எங்கள் ஆபீஸ். பேச்சுவார்த்தைக்கு டீ சொல்ல நான்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. பாதித் தோப்பை வெட்டி, அங்கே கன்று நட்டு, அது வளர்ந்த பிறகு மீதியைத் தொடுவது. கடலைப் பார்த்த வரிசைகளில் யாரும் கை வைக்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள், சூசை அண்ணனைத் தவிர. கட்டுமரத்தில் போகிறவர், அதிகம் பேசமாட்டார்.

"அந்த ஒசர மரம் வெட்ற பக்கத்துலதானே கீது? சாந்தோம் கோபுரம் தெரிஞ்சா மெட்ராஸ் தெரியும் சார். இந்த மரம் தெரிஞ்சாத்தான் எங்களுக்கு வூடு தெரியும்."

காண்ட்ராக்டருக்கே மனசு இளகிவிட்டது. அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடுவதாக முடிவானது. எல்லோருக்கும் சந்தோஷம். ஓரமாக உட்கார்ந்திருந்த என்னை சூசை அண்ணனுடைய மனைவி லூர்து அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா டீச்சரு, தனியா குந்திகினுகீற? வா, வந்து துன்னு."

தோளில் பை மாட்டியவர்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான். தட்டு நிறைய சோறும் நெத்திலிக் குழம்பும். சென்னையில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்.

வெட்டி முடித்தார்கள். வெட்டிய பக்கத்து வெறும் மணலில் அந்த மரம் மட்டும் நின்றது... ஐப்பசியில் ஒரு பெருங்காற்று. வேரோடு சாய்ந்துவிட்டது.

நெருக்கி நட்ட சவுக்கு, பக்கத்து மரங்களின் அணைப்பில் ஒல்லியாக மேலே போகும். தனியாகக் காற்றைத் தாங்கிப் பழக்கமே கிடையாது. ஆபீஸிலும் சரி, குப்பத்திலும் சரி, ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

காற்று அடங்கி, கடலுக்குப் போன முதல் நாள், சூசை அண்ணன் மட்டும் திரும்பவில்லை. கரையெல்லாம் ஒரே மங்கல். லூர்து அக்கா அலையோரமாகவே நின்றார், நானும் கூட நின்றேன். வெயில் தாழ்ந்த பிறகு தெற்கிலிருந்து மணலில் நடந்து வந்தார் அண்ணன். மரம் கண்ணில் படாமல் வேறு ஏதோ குப்பத்தில் கரையேறியிருக்கிறார். சாய்ந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தார்.

"ஒத்தையா வுட்டா அது மட்டும் இன்னா பண்ணும் டீச்சரு?"

அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மரத்துக்காக மட்டும் இல்லை.

இப்போது அடையாறில் பத்தாவது மாடியில் இருக்கிறேன். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பையன் கனடாவில். ஹாஸ்டல் ஞாயிற்றுக்கிழமை வாரம் முழுக்க நடக்கிறது... போன மாதம் மீன் வாங்கப் போனபோது, "இன்னா டீச்சரு!" என்று ஒரு குரல். தலை முழுக்க நரைத்த லூர்து அக்கா. சூசை அண்ணன் போய்ப் பல வருஷமாம். எங்கே வீடு என்று கேட்டார், சொன்னேன்.

"உச்சில செவப்பு லைட்டு எரியுமே, அதுவா? எங்க பசங்க அத்தப் பாத்துதான் கரைக்கு வர்றானுங்க. ஜிபிஎஸ்ஸுலாம் கீது... இருந்தாலும் கண்ணுக்கு ஒண்ணு வேணும்ல."

போன வாரம் அந்த லைட் எரியவில்லை. அசோசியேஷன் குரூப்பில் போட்டேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எலக்ட்ரீஷியனை நானே கெஞ்சிக் கூட்டி வந்தேன். இருட்டத் தொடங்கியபோது எரிந்தது. மொட்டை மாடியில் அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றேன்.

என் வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை. அவர்களாவது பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.