பன்னிரண்டாவது ராணி

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேலையப் பாருங்கய்யா" என்று எழுந்து போகிற ஆள் நான். டிராம்பேயில் இருபது வருடமாக மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் போன ஜூலையில், செம்பூர் திலக் நகரில், என் வீட்டு ஹாலில் நடந்தது நடந்ததுதான்.

எனக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. பழைய ரோமானிய நாணயங்கள். ராஜா முகம் போட்டது எவனுக்கு வேண்டும், அது எல்லோரிடமும் இருக்கிறது. நான் சேர்த்தது ராணிகள் மட்டும். பேரரசர்களின் மனைவி, மகள், தாய். எட்டு வருடத்தில் பதினோரு முகங்கள். அதற்காகவே செய்த மரத் தட்டில் பன்னிரண்டு குழிகள். கடைசிக் குழி கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலனாவுக்கு. மாட்டுங்காவில் நாணயக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. ஹெலனா கிடைக்காத ஆத்திரத்தில் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, காட்கோபரில் பழைய பித்தளை, செம்பு வாங்கும் சாய்நாத் கடையில் அவள் கிடைத்தாள். சின்னச் செம்புக் காசு. மேலே ஓட்டை போட்டுக் கறுப்புக் கயிறு கோத்திருந்தது. யாரோ கழுத்தில் போட்டிருந்திருக்கிறார்கள். தேய்ந்திருந்தாலும் கொண்டையும் மூக்கும் தெரிந்தன. லென்ஸில் பெயரின் பாதி எழுத்துகளைப் படித்தேன். ஹெலனாவேதான். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "தாராவி சே ஆயா," என்றார் சாய்நாத். தாராவியிலிருந்து வந்ததாம். யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கயிற்றை அங்கேயே அறுத்துப் போட்டுவிட்டு வந்து, காசைப் பன்னிரண்டாவது குழியில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கொட்டோ கொட்டென்று மழை. ரோடு முழுக்கத் தண்ணீர், டியூட்டிக்குப் போகவில்லை. மனைவி விஜயலட்சுமி தாணே ஆபீசில் மாட்டிக்கொண்டாள். வீட்டில் நானும் மகள் மாரிசெல்வியும்தான். ஆறு வயது. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. ஹாலில் பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாலு பத்துக்குக் கரண்ட் போனது.

பாத்ரூமில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். சளப்... சளப்... யாரையோ குளிப்பாட்டுகிற மாதிரி, நிதானமாக. போய்ப் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. பக்கெட் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. பக்கத்து வீடாக இருக்கும் என்று திரும்பி வந்தேன்.

செல்வி மல்லாந்து கிடந்தாள். விறைப்பாக, நேராக. அவள் அப்படித் தூங்கவே மாட்டாள்.

கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வெள்ளைத் துணிக் கிழிசலால்.

அப்படி யாருக்குக் கட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். என்ன விளையாட்டு இது சனியனே என்று திட்டிக்கொண்டே அவிழ்த்தேன். அவள் அசையவில்லை.

போன் அடித்தது. விஜி.

"பாப்பா என்ன பண்றா?"

"தூங்குறா."

"பின்னால என்னங்க... சங்கு ஊதுற சத்தம்?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மழை மட்டும்தான். லைன் கட்டானது.

திரும்பினேன்.

செல்வியின் தாடையைச் சுற்றி ஒரு கட்டு. உச்சந்தலையில் முடிச்சு. கால் விரல்கள் மறுபடியும் கட்டப்பட்டிருந்தன. நான் அவிழ்த்த துணி என் கையிலேயே இருந்தது...

"செல்வி... எந்திரிம்மா..."

தூக்கினேன். முடியவில்லை. முந்தின நாள்தான் நான் மூன்று மாடி சுமந்து ஏறிய பிள்ளை. இரண்டு கையும் கொடுத்து இழுத்தேன். பெரிய மனுஷியின் கனம். உடம்பு ஐஸ்.

அப்போதுதான் நெற்றியைப் பார்த்தேன்.

அங்கே... ஹெலனா.

பிடுங்கினேன். வரவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

"எனக்கு எந்த ராணியும் வேண்டாம்... எம் பிள்ளைய விட்டுடு..."

டக்.

காசு கையோடு வந்தது. மணி ஐந்து நாற்பது.

செல்வி இருமினாள். கண்ணைத் திறந்தாள்.

"அப்பா... ஏன் எறக்கி வச்சுட்டாங்க?"

"யாரும்மா?"

"தூக்கிட்டுப் போனாங்கல்ல... அவங்க."

மறுநாள் காலையில் சாய்நாத்தைப் பிடித்து, காசை விற்றவரின் வீட்டை விசாரித்துப் போனேன். தாராவியில் ஒரு சந்து. சுயம்பு என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம். தலையை அப்போதுதான் மொட்டையடித்திருந்தார். காசைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"எங்க அம்மை கழுத்துல கெடந்தது அண்ணாச்சி. செத்தா நெத்தியில இதத்தான் வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. போன வாரம் ஆஸ்பத்திரியில சேத்தப்ப கழட்டிக் குடுத்தாவ. வெறும் செம்புதானன்னு நான்தான் பழைய சாமானோட சேத்துப் போட்டுட்டேன்."

"எப்ப தவறிட்டாங்க?"

"நேத்து மத்தியானம். நாலு மணிக்குக் குளிப்பாட்டினோம். நெத்தியில ஒத்த ரூவா வச்சோம். நிக்கவே இல்ல, நழுவி நழுவி விழுந்துச்சு. நேரமாச்சுன்னு அப்படியே மழையில தூக்கிட்டோம்."

நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மெதுவாகத் தொடர்ந்தார்.

"எங்கம்மை நல்ல கனத்த உடம்பு அண்ணாச்சி. ஆனா பாடையில கனமே இல்ல. சின்னப் பிள்ளையத் தூக்குன மாதிரி இருந்துச்சு. நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே நடந்தோம். போற வழியில, சொல்லி வச்ச மாதிரி, பழைய கனம் அப்படியே வந்துருச்சு. தாங்க முடியாம நடுரோட்டுல எறக்கி வச்சுட்டோம்."

"எந்த இடத்துல?"

"கடைசித் திருப்பத்துல. அங்கேருந்து சுடுகாட்டுக்கு அஞ்சு நிமிசம்கூட இல்ல."